மூடிய கிண்ணத்தில் மல்லிகை

எங்கள் மணநாளன்று, திண்டுக்கல் புறவழிச்சாலை விடுதியின் ஜப்பானிய உணவகத்தில் தமிழறியாத அந்த ஜப்பானியச் சமையற்கலைஞரைக் கண்டேன். நரைத்த தலை, ஒவ்வொரு மீனையும் முகர்ந்த பின்னரே அறுப்பார். அவர் எதிரே மல்லிகை சூடிய என் மனைவி அமர்ந்ததும் அவருடைய கத்தி நின்றது. பரிமாறும் பெண் தயங்கினாள்:

"அக்கா, பூ வாசத்துல மீன் வாசம் தெரியாதாம். செத்த கழட்டி வைக்கலாமான்னு கேக்குறாரு."

"கல்யாண நாளும் அதுவுமாப் பூவக் கழட்டவா? நிலக்கோட்டை மல்லி தாயி இது. சாப்பாடே வேணாம்னு சொல்லு" என்று மனைவி எழுந்தாள்.

அவர் கேட்டறிந்து, தலை தாழ்த்தி, மீனனைத்தையும் பனிக்கட்டிக்குள் திருப்பி வைத்தார். மனைவி மீண்டும் அமர்ந்தாள். மல்லிகையோடு போட்டியிடாத வெண்சோறும் டோஃபு என்னும் சோயாக் கட்டியும் தெளிந்த சாறும் சமைத்தளித்தார். அவ்வளவு மென்மையான உணவை நான் அதுவரை உண்டதில்லை.

விடைபெறுகையில் மனைவி ஒரு கண்ணி பூவைக் கிள்ளி நீட்டினாள். இரு கைகளாலும் ஏந்தி, கிண்ணத்திலிட்டு மூடினார். காத்தது மீனையா, மணத்தையா? இன்றும் எனக்கு விளங்கவில்லை.