அலைச் சத்தத்துக்குப் பயந்து எடுக்காத போன்

நாங்கள் ஷார்ஜா முவைலாவில் இருக்கிறோம். போன வருடம் மகள் எங்களைக் கரீபியன் கடலில் உள்ள கிரெனடா என்ற குட்டித் தீவுக்கு அழைத்துப் போனாள்.

அதே வாரம் தஞ்சாவூரில் என் அக்காவுக்கு வயிற்றில் ஆபரேஷன். துணைக்குக் கூப்பிட்டாள். சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று சொல்லக் கூச்சப்பட்டு, “இவருக்கு லீவு கிடைக்கலக்கா” என்று பொய் சொன்னேன்.

“சரி விடுடி. நீ இல்லாட்டி உன் வீட்டுக்காரருக்குச் சுடுதண்ணிகூட வைக்கத் தெரியாது” என்று சிரித்தாள்.

தீவில் நாங்கள் தங்கிய விடுதியை நடத்திய அம்மாவுக்கு நம் ஊர் முகம். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்தவர்களின் வம்சம். கடற்கரையில் அவர் எங்களுக்கு ரொட்டியும் பருப்பும் பரிமாறும்போது அக்காவின் போன் வந்தது. அலைச் சத்தம் கேட்டுவிடுமே என்று நான் எடுக்கவில்லை.

“ஊர்லேருந்தா?” என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். “எங்க பாட்டனாருக்கு ஊர்லேருந்து ஒரு கடுதாசிகூட வந்ததில்ல. எடுத்துப் பேசும்மா.”

சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய் அழைத்தேன். அதற்குள் அக்காவை ஆபரேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் கண் விழிக்கவே இல்லை.

இப்போது யார் அழைத்தாலும் உடனே எடுத்து, நான் இருக்கும் இடத்தைத்தான் முதலில் சொல்கிறேன். அன்று நான் எங்கே இருந்தேன் என்பது அக்காவுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.