மாமனார் முன்னால் ஒழுகிய மூசை

போன வாரம் ரேஷன் கடையில் என் கட்டைவிரலை ரேகைக் கருவி ஏற்கவே இல்லை. துடைத்து, ஊதி, தலைமுடியில் தேய்த்து வைத்தும் பார்த்தாயிற்று. "ரேகையே இல்லீங்களே, இன்னா வேல செஞ்சீங்க?" என்று கேட்டார் கடையிலிருந்த பெண். மூசை செய்தேன் என்றேன். மீசையா என்றார். வரிசையே சிரித்தது.

உங்களுக்காவது சரியாகச் சொல்லிவிடுகிறேன். உலோகத்தைப் போட்டு, நெருப்புக்குள் இறக்கி உருக்குகிற பாத்திரம்தான் மூசை. பார்க்கப் பூந்தொட்டி மாதிரி இருக்கும். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலையில், நானும் காதர் பாயும் கூட்டாக ஒரு வார்ப்புப் பட்டறை வைத்திருந்தோம். பாய் பழைய சாமான் வியாபாரி. அவர் கடை அலுமினியத்தை உருக்கி, தண்ணீர் மோட்டாருக்குள் சுற்றும் சக்கரங்களாக ஊற்றுவது என் வேலை. ஒருநாள் எங்களிடம் இருந்த ஒரே மூசை பிளந்துபோனது. வெளியூரிலிருந்து அடுத்தது வர ஒரு மாதம் ஆகுமாம். சக்கரம் இல்லாமல் மோட்டார் நின்று கரும்பு காய்கிறது என்று குடியானவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நாமே செய்தால் என்ன என்றார் பாய். செய்யப்போவது நான் என்பதால் அவருக்கு அது சுலபமாகத் தோன்றியது.

தீர்ந்துபோன பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருந்த கரிக்குச்சிகளை இடித்தோம். பிளந்த மூசையையும் பொடியாக்கினோம். இரண்டையும் வாய்க்கால் களிமண்ணில் கலந்து, காற்றுக்குமிழ் ஒன்றுகூட நிற்காதபடி மூன்று நாள் பிசைந்தேன். சொரசொரவென்று உப்புத்தாள் போலிருக்கும் அந்த மண்; வருஷக்கணக்கில் அதைப் பிசைந்ததில்தான் என் ரேகை தேய்ந்தது. அதை மர அச்சின்மேல் அப்பித் தட்டினால் மூசை. முதலில் செய்தவை வெயிலில் விரிசல் விட்டன. அடுத்துச் செய்தவற்றில் ஒன்று தேறியது.

அந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையின் தொழிலைப் பார்க்கக் களமருதூரிலிருந்து எனக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் வந்து இறங்கினார்கள். அப்பாவும் பெண் செல்வியும். நான் உச்சி முதல் உள்ளங்கால் வரை கரி. மாப்பிள்ளை எங்கே என்று அவர் என்னிடமே கேட்டார்.

பாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. ஊற்றிக் காட்டு என்றார். கொதித்துக்கொண்டிருந்த புது மூசையை நீள இடுக்கியால் தூக்கினேன். அடி கழன்றது. உருகிய அலுமினியம் மணல் தரையில் விழுந்து, மினுமினுவென்று வாசலுக்கு ஓடி, பெண்ணின் அப்பா கழற்றிவிட்டிருந்த செருப்பில் ஒன்றை மூடிக்கொண்டது. நல்லவேளை, எல்லோரும் எட்டித்தான் நின்றிருந்தோம். அதோடு என் கல்யாணமும் கருகியது என்றே நினைத்தேன்.

உடைந்த துண்டு ஆறியதும் செல்வி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இத எத்தினி நாளு காய வச்சீங்க?"

"ரெண்டு நாளுங்க."

"நெல்லு கொட்ற மண்குதிருக்கே நாங்க பதினஞ்சு நாளு உடுவோம். அதுவும் நெழல்ல. மேல காஞ்சிக்கினு உள்ள ஈரமா இருந்தா வெடிக்காம இன்னா பண்ணும்?"

அவள் அப்பா ஒற்றைச் செருப்போடு சாலையில் இறங்கி நடந்தார். பதில் சொல்லி அனுப்புவதாகக்கூடச் சொல்லவில்லை.

அவள் சொன்னபடியே செய்தேன். நிழலில், ஒரேயடியாகக் காய்ந்துவிடாமல் ஈரச்சாக்கு போர்த்தி, பதினைந்து நாள். பிறகு உலைக்குப் பக்கத்தில் கவிழ்த்து மெல்லச் சூடேற்றி, கடைசியில்தான் நெருப்புக்குள் இறக்கினேன். அந்த மூசை ஒழுகவில்லை. அந்த வாரமே கரும்புக்காரர்களுக்குச் சக்கரம் கிடைத்தது. பாய் முதல் சக்கரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறிக் களமருதூர் போனார். திரும்பி வரும்போது கல்யாணத் தேதியோடு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை.

பாய் இப்போது இல்லை. பட்டறை இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டுக் கார் கழுவுகிறார்கள். ரேஷன் கடையிலிருந்து திரும்பும்போது அங்கே வண்டியை நிறுத்தினேன். தன் ரேகையை வைத்து வாங்கிய அரிசிப் பையோடு பின்னால் உட்கார்ந்திருந்த செல்வி, "இன்னாங்க பாத்துக்கினு இருக்கீங்க?" என்றாள்.

ஒன்றுமில்லை என்றேன். நிஜமாகவே அங்கே ஒன்றுமில்லை.