தேறாத ஒரு தாள்

என் பேத்திக்குக் காரைக்குடியிலேயே பொறியியல் இடம் கிடைக்கும் என்பது ஏறத்தாழ உறுதியாகியிருந்தது. உறுதியாகாதிருந்தது கட்டணம் ஒன்றே. குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால், முதல் பட்டதாரி என்னும் சான்றிதழின் பேரில் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும். மரக்கடையில் கூலி வேலை செய்யும் என் மகனுக்கு அச்சான்றிதழை விட்டால் அவளைப் படிக்கவைக்க வேறு வழியில்லை. அதற்கு எங்கள் வீட்டில் ஒரே ஓர் இடையூறு இருந்தது. அது நான்.

எட்டாம் வகுப்போடு துணிக்கடை வேலைக்குச் சென்றவன் நான். ஓய்வுக்குப் பின் தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வுகளை முடித்து, தொலைநிலைக் கல்வியில் இளங்கலைத் தமிழ் படித்துவந்தேன். ஏனைய தாள்கள் யாவும் தேறிவிட்டன. ஆங்கிலம் மட்டும் நின்றது. அதனையும் இவ்வாண்டு மீண்டும் எழுதினேன். இம்முறை நன்றாகவே எழுதியிருப்பதாக வீட்டில் பெருமையோடு சொல்லவும் செய்தேன். அப்பொழுது கட்டணத்தை எவரும் நினைக்கவில்லை.

நினைத்த பின் வீட்டின் போக்கே மாறிற்று. மகன் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். மருமகள் பிள்ளையார்பட்டிக்குச் சென்று வந்தாள். திருநீற்றை நீட்டியபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன வேண்டிக்கொண்டாள் என்று நானும் கேட்கவில்லை.

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு அழைத்த நாளன்றே தேர்வு முடிவும் வெளியாயிற்று. புறப்படும்போது மகன் வாசல்வரை வந்தான்.

“ரிசல்ட்டப் பாக்காம கையெழுத்தப் போட்டுட்டு வந்துருங்கப்பா. பாக்காத வரைக்கும் அது பொய்யில்லைல?”

நான் பேத்தியுடன் இறங்கிப் பேருந்துக்கு நடந்தேன்.

அலுவலகத்தில் எங்கள் தெருத் தேநீர்க் கடைக்காரர் பட்டா வேலையாக வந்த பலரோடு முன்னரே அமர்ந்திருந்தார். வீட்டில் பட்டதாரி எவரேனும் உண்டா என்று அலுவலர் வினவ, நான் வாய் திறக்கும் முன் அவர் முந்திக்கொண்டார்.

“நம்ம அய்யாவே பி.ஏ. ஆச்சே சார். தெருவுக்கே மனு எழுதித் தர்றது அவுகதான்.”

எனக்கு மதிப்புச் சேர்ப்பதாகவே அவர் எண்ணியிருக்க வேண்டும். அலுவலரின் பேனா நின்றது. பேத்தியின் விரல்கள் என் முழங்கையைப் பற்றின. நான் பட்டதாரி அல்லன் என்றும், ஒரு தாள் மீதமுள்ளது என்றும், அதன் முடிவு அன்று வந்திருக்கிறது என்றும், நான் இன்னும் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். அத்தனை பேர் நடுவே அவ்வாறு சொல்ல நேரும் என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை.

“அப்ப பாத்துட்டே எழுதிருவோம்” என்றார் அலுவலர்.

பேத்தி கைப்பேசியில் என் பதிவெண்ணை இட்டாள். அவளுக்கு அது மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. பக்கம் மெல்லத் திறந்தது. அவள் அதனை அலுவலரிடம் நீட்டினாள்.

“தேறலையே. மூணு மார்க்குல போயிருக்கு” என்ற அவர், சற்று நிறுத்தி, “நல்லதாப் போச்சு” என்றார்.

தேநீர்க் கடைக்காரர் சிரித்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். எங்கள் குடும்பத்தில் பட்டதாரி எவருமில்லை என்ற வரியை முழுவதும் படித்து, அதன் கீழ் கையொப்பமிட்டேன்.

வீடு திரும்பப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கையில் என் உள்ளம் வினாத்தாளிலேயே கிடந்தது. கட்டுரை வினாவுக்கு இரண்டு பக்கத்திற்குக் குறையாமல் எழுதியிருந்தேன். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தால் மூன்று மதிப்பெண் கிடைக்காமலா போகும்? விண்ணப்பிக்கச் சில நாள்களே இருந்தன. சான்றிதழ் வட்டாட்சியரின் கையொப்பம் பெறுவதற்கு அதனினும் கூடுதல் நாளாகும். அது கைக்கு வரும்வரை காத்திருந்து விண்ணப்பிக்க வழியில்லை.

தேவகோட்டைப் பேருந்து வரும் திசையைப் பார்த்தபடியே பேத்தி கேட்டாள்.

“ரீவேல்யுவேஷன் போடப் போறீகளா, அய்யா?”

அவள் திரும்பவேயில்லை.

“இல்லத்தா” என்றேன்.

“நல்லா எழுதிருக்கேன்னு சொன்னீக.”

“நல்லாத்தான் எழுதிருக்கேன்.”

பேருந்து வந்தது. அவள் முன்னே ஏறி, சன்னலோர இருக்கையை எனக்கென விட்டு, அடுத்ததில் அமர்ந்தாள்.