துண்டுக்கு அடியில் ஒரு வோட்டு

எங்கள் வீட்டில் அரசியல் முழுவதும் அவருக்கு. வோட்டு மட்டும் எனக்கு. ஆம்பூரில் தோல் ஊறவைக்கும் குழிகளோடு ஒரு கொட்டகையை என் அப்பா சீதனமாக எழுதிக் கொடுத்திருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் வோட்டு. கொட்டகைக்கு வரி என் பெயரில் போனதால் நகரசபைத் தேர்தலில் வோட்டும் என் பெயருக்கே வந்தது. என் வீட்டுக்காரர் தோல் மண்டியில் தரகர். அவருக்குச் சொத்தும் இல்லை, வரியும் இல்லை, வோட்டும் இல்லை. ஆனால் காப்பிக் கடையில் வாயைத் திறந்தால் சர்க்காரே கைகட்டி நிற்க வேண்டும்.

எங்கள் தெருவே அப்படித்தான். வோட்டு இல்லாதவர்களுக்குத்தான் கட்சி இருந்தது. வோட்டு இருந்தவர்களோ, சந்தை நாளில் தேர்தல் வைத்தால் யார் போவது என்று சலித்துக்கொண்டு சந்தைக்குப் போனார்கள்.

நின்றவர்கள் மூன்று பேர். ஒருவர் கதர்க் கட்சி. இன்னொருவர் கோட்டுப் போட்ட தோல் கம்பெனி முதலாளி. மூன்றாமவர் எதற்காக நின்றார் என்பது கடைசிவரை அவருக்கே தெரியவில்லை.

மண்டியில் தோலுக்கு விலையை வாயால் சொல்லமாட்டார்கள். இருவர் கைகோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே எந்த விரலை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதுதான் விலை. பிடி கொடுக்காமல் கையை மூடிக்கொண்டால், சரக்கு விற்பனைக்கு இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு வற்புறுத்துவது மண்டி மரியாதை அல்ல. வாசலில் கீரை வாங்கக்கூடத் துண்டைத் தேடுகிற மனிதரோடு குடித்தனம் நடத்தியதால் எனக்கும் இதெல்லாம் அத்துப்படி.

தேர்தலன்று காலையில் வாசலுக்கு வந்தால், ஒரு பக்கம் கொடி கட்டிய மாட்டு வண்டி, மறுபக்கம் கோட்டுக்காரரின் மோட்டார். இரண்டும் என்னை அழைத்துப்போக வந்திருந்தன.

"இந்த வீட்டு வோட்டு எங்களுக்குத்தாம்மா. உங்க வீட்டுக்காரரு மண்டியில கை குடுத்துட்டாரு" என்றான் வண்டிக்காரன்.

"எங்க முதலாளிக்கும் குடுத்தாரே. துண்டு போட்டே குடுத்தாரு" என்றான் மோட்டார் டிரைவர்.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் மாட்டின் கொம்பை ரொம்ப அக்கறையாகத் தடவிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க இது? ஒரே சரக்க ரெண்டு பேருக்கு வித்துட்டீங்களா?"

"விக்கலடி. ஒரு காசு வாங்கல. ரெண்டு பேருமே தோஸ்து. எப்டி இல்லன்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. என்னுடையது என்று சர்க்காரே ஒப்புக்கொண்ட ஒன்றை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிக் கொடுத்திருந்தார். நடந்தே கிளம்பினேன். பின்னால் மாட்டு வண்டி காலியாக வந்தது. அதற்குப் பின்னால் மோட்டார், ஹாரன் அடித்துக்கொண்டே. நடுவில் இவர், இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே. ஏதோ சாமி ஊர்வலம் என்று நினைத்து ஒருவர் செருப்பைக் கழற்றி நின்றார்.

வோட்டுப் போடும் பள்ளிக்கூடத்தில் திருவிழாக் கூட்டம். "வோட்டு இருக்கறவங்க மட்டும் நில்லுங்க" என்று அதிகாரி கத்தினார். கூட்டம் முணுமுணுத்தபடி ஒதுங்கியது. நானும், எதற்கு நின்றோம் என்று தெரியாத அந்த மூன்றாமவரும் மட்டும் மிஞ்சினோம்.

உள்ளே திரைக்குப் பின்னால் ஆளுக்கு ஒன்றாக மூன்று நிறத்தில் மூன்று பெட்டிகள். யாரும் கூப்பிடாத, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில் அதுவரை நான் தனியாக நின்றதே இல்லை. சந்தோஷமாக இருந்தது. வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சீட்டைப் போட்டேன்.

சாயங்காலம் இவர் சாப்பிட உட்காரவில்லை. விடிந்தால் பெட்டியைத் திறந்து எண்ணுவார்கள். கை கொடுத்த இருவரில் யாரை ஏமாற்றினோம் என்று தெரியாவிட்டால் மண்டியில் எந்த முகத்தோடு நிற்பது என்ற பயம்.

"யாருக்குப் போட்ட? சொல்லிடேன்."

"ரகசியம்னு சொல்லியிருக்காங்க."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து என் கையின்மேல் போட்டு, உள்ளே தன் கையை நீட்டினார்.

"வாயால சொல்லவேணாம். கதருக்கு ஒரு விரலு, கோட்டுக்கு ரெண்டு, அந்தாளுக்கு மூணு. நம்ம ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது."

பாவமாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் நீட்டிய கை, என்னிடம் கேட்டு வந்தது அன்றுதான்.

துண்டுக்கு அடியில் என் கையை மூடிக்கொண்டேன்.

மண்டி மரியாதை தெரிந்தவர். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அதற்குமேல் கேட்கவில்லை.