சோம்பேறிப் பொட்டி

சென்னிமலை மாமா உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிடம் இருந்து நான் பார்த்ததில்லை. இப்போது அறுபத்தெட்டு வயது. கோவிந்தாபுரத்தில் நாலு ஏக்கர் தென்னை. இளவயதில் விவசாயத்தோடு மைக் செட்டும் வைத்திருந்தார். கொல்லங்கோட்டிலிருந்து பொள்ளாச்சி வரை கல்யாணம், சீர், கோயில் நோம்பி எதுவானாலும் ஒலிபெருக்கி கட்டுவது அவர்தான். மாலை மாற்றும் நேரம் பார்த்து, இசைத்தட்டின் நடுவே மூன்றாவது பாட்டு தொடங்கும் கோட்டில் ஊசியை வைப்பார். பந்தலில் யாரிடமோ பேசிக்கொண்டே வைப்பார்.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. மாத்திரை சாப்பிடுகிறார். சட்டைப் பொத்தானை எப்படியோ போட்டுவிடுகிறார். ஊசி மட்டும் முடியவில்லை. போன வருடம் ஒரு நாதஸ்வரத் தட்டைக் குறுக்கே கீறிவிட்டார். அன்றிலிருந்து ஊசி வைப்பது பழனாத்தாள் அத்தையின் வேலையாயிற்று. இருபது நிமிடத்துக்கொரு முறை மாமா கூப்பிடுவார். அத்தை மாட்டுக் கொட்டகையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வருவார். இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு மாமா பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

மஸ்கட்டிலிருந்து நான் பேசும்போது பின்னணியில் பாட்டு இல்லை. மாமா மாத்திரை சாப்பிட்டாரா, எங்காவது விழுந்தாரா என்று அத்தையைத் துளைத்தெடுப்பேன்.

"உழுகலே கண்ணு. சும்மா இருக்கறாரு. அதுதான் எனக்கும் பயமா இருக்குது" என்றார் ஒருநாள்.

அப்புறம்தான் மாமா, பழைய ரிக்கார்டு வாங்கி விற்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் வேதமுத்துவைப் பிடித்தார். வேதமுத்து கம்பம்மெட்டுப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட பங்களாவில் எலக்ட்ரீசியனாக இருந்தவர். அந்த பங்களாவில் கிடந்த ரிக்கார்டு சேஞ்சர் ஒன்று அவரிடம் இருந்தது. நடுக்கம்பியில் ஆறு தட்டுகளை அடுக்கிவிட்டால் போதும். ஒன்று பாடி முடிந்ததும் ஊசிக்கை தானே எழுந்து ஒதுங்கும். அடுத்த தட்டு கீழே விழும். கை திரும்பி வந்து அதன்மேல் உட்காரும். மைக் செட் காலத்தில் மாமாவுக்கு இதைக் கண்டாலே இளக்காரம். ஊசி வைக்கத் தெரியாதவன் வாங்குகிற சோம்பேறிப் பொட்டி என்பார். இப்போது அதையே நாலு பஸ் மாறிப் போய் வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

நாலு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். உள்ளே கிரீஸ் அரக்காக இறுகியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார். தட்டைச் சுழற்றும் ரப்பர் சக்கரம் வழவழத்துப் போயிருந்ததை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கினார். முழங்கையை மேசையில் ஊன்றி, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திருகுவார். யாரையும் தொடவிடவில்லை.

நான் பதினைந்து நாள் லீவில் வந்திருந்தபோது அது தயாராகிவிட்டது. ஒரு காலையில் ஆறு தட்டுகளை அடுக்கி முடுக்கினார். முதல் தட்டு அழகாகப் பாடியது. முடிந்தது. ஊசிக்கை எழவில்லை. கடைசிக் கோட்டிலேயே 'டக், டக்' என்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் எழுந்துவிட்டேன்.

"தொடாதே மாப்ள!"

அத்தை வாசலில் வந்து நின்றார். "நான் எடுத்து வெக்கட்டுங்களா?"

"உன்னக் கூப்பிட்டனா?"

"கூப்பிடலீங்க. என்னக் கூப்பிட வேண்டாம்னுதான இந்தக் கருமத்த வாங்கியாந்தீங்க! சோம்பேறின்னு சரியாத்தான் பேரு வெச்சிருக்கறீங்க."

மாமா பொட்டியை நிறுத்தினார். வெளியே போனார், வந்தார், மறுபடி போனார். கடைசியில் போனை என்னிடம் நீட்டி, வேதமுத்துவைப் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

"ரெண்டாவது தட்டு உழுகமாட்டீங்குதுங்க."

"கையால தள்ளிவிட்டா விழுதாண்ணே?"

"உழுகுதுங்க."

"அடியில ஒரு சின்னத் தகடு தொங்குமே, அதுல ஏதும் தடவுனீகளா?"

மாமா என்னைப் பார்த்தார். "எண்ணெய் உட்டனுங்க. ஒரு சொட்டு."

"எண்ணெயா!"

"எல்லாத்துக்கும் ஒரொரு சொட்டு உட்டனுங்க."

"அட என்னண்ணே நீங்க! இது என்ன பம்ப் செட்டா? ஊசி கடைசிக் கோட்டுல வெரசா உள்ள வரும்போது அந்தத் தகட்ட லேசாத் தட்டிவிடும். அது காஞ்சு கெடந்தாத்தான் அசையும். எண்ணெயில ஒட்டிக்கிட்டா ஊசிக்கு ஏது அம்புட்டு வலு?"

மோட்டார், டிராக்டர், கேட்டுக் கீல் என்று எண்ணெய் கேட்காத இரும்பையே மாமா தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு, "நானேதான் கெடுத்துப்போட்டேன்" என்றார்.

"நான் தொடச்சுத் தர்றேன் மாமா. ரெண்டு நிமிசம்."

"வியாழக்கெழம நீ மஸ்கட்டுக்குப் போயிருவே. அப்பறம் இது மக்கர் பண்ணுனா உன்னைய பிளேன்லயா கூட்டியார்றது?"

ஸ்பிரிட், பஞ்சு, ஒரு குச்சி. இரண்டு நிமிட வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. நடுவில் தகட்டைப் பிடிக்கும் கொக்கி தெறித்துக் கட்டிலுக்கடியில் உருண்டது. அது எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. சொல்லலாமா, எடுத்துக் கொடுத்தால் கோபித்துக்கொள்வாரா என்று தவித்தேன். மாமா குனிந்து, ஒரு காந்தத்தைத் தரையில் இழுத்து இழுத்து அவரே பிடித்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி ஆறு தட்டுகள். முதல் தட்டின் கடைசிப் பாட்டு முடிந்தது. ஊசி உள்ளே ஓடியது. 'களுக்' என்றது. கை எழுந்து ஒதுங்கியது. இரண்டாவது தட்டு தொப்பென்று விழுந்தது. கை திரும்பி வந்து விளிம்பில் மெல்ல இறங்கியது. பாட்டு தொடங்கியது.

நான் திரும்பினால், மாமா அதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"ஏனுங்க, எங்க போறீங்க?" என்றார் அத்தை.

"மடை திருப்போணும்."

"பாட்டு ஓடுது?"

"அது பாட்டுக்கு ஓடும். ரெண்டு பேரும் கிட்டப் போனீங்கன்னா தெரியும் சேதி."

மண்வெட்டியோடு தோப்புக்குள் போய்விட்டார். நாங்கள் இருவரும் காவல் நிற்பதுபோல் நின்றோம். இரண்டாவது தட்டு முடிகிற நேரம் அத்தையின் கை தன்னால் நீண்டது. சட்டென்று இழுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார். பாட்டு நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். மூன்றாவது வரிசைத் தென்னைக்குப் பக்கத்தில் மாமா, ஓங்கிய மண்வெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்து நின்றார்.

மூன்றாவது தட்டு விழுந்தது. முதல் அடி தவில் கேட்டதும் அவர் மண்ணை வெட்டி மடையில் போட்டார்.