காரணம் எழுதாத மூணு ஆராய்ச்சி

"மூணு ஆராய்ச்சியத் தூக்கிப் போட்டீங்களே டாக்டர், ஏன்னு எழுதாம என் பேர அந்தக் கட்டுரையில போடாதீங்க"ன்னு நூபியா வெடிச்சா. மெதெயீன் ஊரு மருத்துவக் கல்லூரி வாசல்ல காபி விக்கிற எனக்கே கேட்டுச்சு.

அவளுக்கு அங்க நூலகத்துல வேலை. மூட்டுவலி மாத்திரை பத்தி உலகத்துல வந்த ஆராய்ச்சியெல்லாம் தேடி, எத்தனை கிடைச்சுது, எத்தனையத் தள்ளுனோம், ஏன் தள்ளுனோம்னு கட்டம் போட்டுக் காட்டணும். அதான் அந்த வேலைக்கு முறை. தள்ளுன மூணுமே வயித்துல ரத்தம் கசியுதுன்னு சொன்னது. அந்த மாத்திரையத்தான் நானும் முழுங்குறேன்.

"சின்ன விஷயத்துக்கு ஏம்மா குதிக்கிற?"ன்னான் அந்தக் கட்டுரைக்குத் தலைமை தாங்குற டாக்டர் எச்செவெரி.

"உங்கம்மாவுக்குக் குடுத்துப் பாருங்க, சின்னதா பெருசான்னு தெரியும்."

அவ பேரையே அடிச்சுட்டான் படுபாவி. பதினெட்டு மாசம் கண்ணு நோக உழைச்சவ. அழுவான்னு நெனச்சேன். நேரா கடைக்குப் போய்ப் பெரிய அட்டை வாங்கினா. எல்லாக் கட்டத்தையும் வரைஞ்சு, தள்ளுன மூணு ஆராய்ச்சியோட பேரையும் எழுதி, காரணம் எழுதுற எடத்த மட்டும் காலியா விட்டு, கல்லூரிக் கதவுல ஒட்டினா. போறவன் வர்றவனெல்லாம் நின்னு படிச்சு டாக்டர்கிட்ட காரணம் கேட்டான். அந்த வாரமே டாக்டர் மூணையும் கட்டுரையில திரும்பச் சேத்தான்.

அட்டை வெல ஆயிரத்து ஐந்நூறு பெசோ, நான் விக்கிற ஒரு காபி வெல.