மூன்று நிமிடப் பேச்சு

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் பக்கத்து நாட்டுக்குப் படை அனுப்பினேன். பள்ளிப் பேச்சுப்போட்டியில்தான். 'பக்கத்து நாட்டில் சண்டை நடந்தால் நம் படை போகலாமா' என்பது தலைப்பு. போகலாம் என்ற கட்சியில் டீச்சர் என் பெயரை எழுதிக்கொண்டார்.

அப்போது நெமிலிச்சேரியில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு ஆவடியில் ராணுவ உடுப்பு தைக்கும் வேலை. அதனால் எனக்கு ராணுவம் என்றாலே அப்பா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள்தான். அவர்கள் எங்கே போனாலும் நல்லதற்குத்தான் போவார்கள்.

பேச்சை மாமா எழுதிக்கொடுத்தார். அரசாங்கப் பரீட்சைக்கு ஐந்து வருடமாகப் படித்துக்கொண்டிருந்ததால் அவருக்குத் தெரியாத விஷயமே கிடையாது, பரீட்சையில் கேட்டவற்றைத் தவிர. "பக்கத்து வீடு பற்றி எரியும்போது அனுமதி கேட்டுக்கொண்டா நிற்போம்?" என்று பேச்சு அமர்க்களமாகத் தொடங்கும்.

அதை எனக்கு மனப்பாடம் செய்யவைத்தவள் வதனி. பின்போர்ஷனில் அவளும் அவள் அம்மாவும் மட்டும் குடியிருந்தார்கள், இலங்கையிலிருந்து வந்தவர்கள். என் வகுப்புதான். சாயங்காலம் கிணற்றடியில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் தடுக்கும் இடத்தில் எடுத்துக்கொடுப்பாள். ஒருநாள் மட்டும் நடுவில் நிறுத்தினாள்.

"போன ஆக்கள் எப்ப திரும்பி வரவேணும் எண்டு இதில இல்லையே?"

"மூணு நிமிஷம்தான்டி தருவாங்க. அதெல்லாம் சொல்ல டைம் இல்ல."

"எங்கட ஊரில உங்கட ஆமியை மாலை போட்டுத்தான் கூப்பிட்டனாங்கள். அண்ணாதான் பூப் பிடுங்கினவர்" என்றாள். என் கட்சிக்குச் சாட்சி கிடைத்த சந்தோஷத்தில், இதையும் பேச்சில் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

போட்டியன்று நடுவில் எனக்கு எல்லாம் மறந்துபோனது. முன்வரிசையில் இருந்த வதனி, "கூப்பிட்டால் போவோம், கூப்பிடாவிட்டாலும் போவோம்" என்று சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். பிடித்துக்கொண்டேன். முதல் பரிசு எனக்குத்தான்.

அம்மாவுக்கு வதனியை வெறும் வாயால் பாராட்டினால் போதாது என்று தோன்றியது. ஆவடி மார்க்கெட்டில் ஏலத்துக்கு வந்த ராணுவப் பச்சைத் துணி வெட்டுத்துண்டுகளாகக் கிடைக்கும். எங்கள் தெருவில் மிதியடி, தலையணை உறை எல்லாமே அந்தப் பச்சைதான். அதில் அவளுக்கு ஒரு புத்தகப்பை தைத்தாள். அப்பா வாருக்கு இரட்டைத் தையல் போட்டுக்கொடுத்தார்.

நான் கொண்டுபோய் நீட்டினேன். வதனி வாங்கவில்லை. அவள் அம்மா பையைப் பார்த்ததும் அவளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் காலை பை எங்கள் ஜன்னல் கம்பியில் தொங்கியது.

வீட்டுக்காரம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாத்துக்கு வாண்டான்னுச்சு? பை நல்லாத்தான கீது!"

அவ்வளவுதான், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பரிசு எனக்குக் கிடைத்த பொறாமை என்று முடிவுகட்டி, வதனியிடம் காய் விட்டேன். காய், பழம் எல்லாம் அவளுக்கு நான் கற்றுக்கொடுத்ததுதான். ஒரு மாதம் கழித்து அவர்கள் வீட்டைக் காலிசெய்யும் வரை நான் பேசவில்லை.

எனக்குக் கல்யாணமான பிறகு ஒருநாள்தான் அம்மா சொன்னாள். வதனியின் அண்ணனை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனவர்கள் அந்தப் பச்சையில்தான் வந்தார்களாம். அவர் திரும்பி வரவேயில்லை. எந்தப் பக்கத்துப் பச்சை என்று வதனியின் அம்மா சொல்லவில்லை, என் அம்மாவும் கேட்கவில்லை. அந்தப் பை அதற்குள் எங்கள் வீட்டில் வெங்காயம் போட்டு வைத்தே நைந்துபோயிருந்தது.

இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறேன். எந்த நாட்டுக்குள் எந்தப் படை நுழைந்தாலும் டிவியில் நான்கு பேர் உட்கார்ந்து, போகலாமா கூடாதா என்று கத்துகிறார்கள். எப்போது திரும்புவார்கள் என்று யாராவது கேட்டால் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பேன். வதனியாக இருக்காதா என்று ஒரு நப்பாசை. எந்த நாட்டில் இருக்கிறாளோ, தெரியவில்லை. ஒருதரம் பார்த்தால் போதும் என்றிருக்கிறது.

அவர்கள் காலிசெய்த அன்று தெருமுனையில் டெம்போ திரும்பும்போது, சாமான்களுக்கு நடுவிலிருந்து வதனி என்னைப் பார்த்து இரண்டு விரலை நீட்டினாள். பழம். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கோபப்பட வேண்டியவள் அவள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.